ஆட்டமும் ஆசிரியமும்

தோலைப் பதமிட்டுப் பாதரட்சைகளாக்கிப் பல தேசங்களுக்கு அனுப்பும் ஆம்பூர், இராணிப்பேட்டை வாசிகள் ஒரு சேதியை அறிவது நலம். 2006-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துச் சங்கத்தார் தோல்பந்தைத் தள்ளிச் செயற்கைப் பந்தைப் புகுத்தினர். ஆட்டக்காரர் ஆட்சேபிக்கவே, 2007 ஜனவரி முதல் தேதியன்று தோல்பந்தே மீண்டது. பதமான தோலுக்கு இத்தனை மதிப்பு, பதமான மனிதருக்கோ?

சென்னை அனிதா பால்துரையின் சரித்திரத்தை நோக்குவோம். 19-வது வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவியானார். 2017 வரை தேசத்துக்காக ஆடினார். ஜீவனத்துக்கு இருந்தது தென்னக ரயில்வே உத்தியோகம். தாயான பின்பும் களத்துக்குத் திரும்பினார். 16 வயதுக்குட்பட்ட இந்தியச் சிறுமியருக்குப் பயிற்சியும் அளித்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

விருது மட்டும் போதுமா? போதாதென்பதே நமது துணிபு. ஆட்டக்காரரின் ஆடுகாலம் சொற்பம். அவர் கற்றதைப் பிறர்க்கு அளித்தாலன்றி அது தேசத்தின் சொத்தாகாது. ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் வை.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவியதும் ஆசிரியர்களை உண்டாக்கவே.

நம் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்கள் அநேகர். அவர்தம் புதல்வியர் ஆட ஒரு களமும், தக்க ஊதியத்துடன் கற்பிக்க ஓர் ஆசிரியையும் வேண்டும். ஆலை முதலாளிகளும் நகரசபையாரும் இதைத் தர்மமெனக் கருதவேண்டாம். அவர்கள் பட்ட கடனெனக் கருதுவார்களாக!