வீடு தேடி வரும் தெரபி... நீங்களும் கற்றுக்கொள்ளலாம்!

போடிநாயக்கனூர் அருகே பொட்டிபுரம் பக்கத்து அடிவார ஊர்களில், விடியும் முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் கிளம்பிவிடும். அதில் ஏறவேண்டிய ஒரு தாய்க்கு, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிக்காகத் தேனிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால்? சீக்கிரமே தெரபி நின்றுவிடும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையாமல், தெரபியே வீட்டுக்கு வந்தால்?

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் இதைத்தான் செய்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். அவர் 1981-ல் தொடங்கிய அமைப்பு இது. தனக்குச் சிகிச்சையளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலிருந்துதான் 'அமர்' என்பதை எடுத்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களாக்குகிறார்கள். தெரபிஸ்ட்டுகள் வழிகாட்ட, இவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். கழுத்து நிற்காத குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படிச் சாய்த்து உட்காரவைப்பது, புரையேறாமல் எப்படி ஊட்டுவது, குளிப்பாட்டும்போதே கை, காலை எப்படி நீட்டி மடக்குவது... இதையெல்லாம் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்லித்தர வேண்டும். பணியாளர் வருவது எப்போதாவதுதான். மற்ற நாள்களில் வீட்டில் இருப்பவர்கள்தானே செய்தாக வேண்டும்? 'வயசானா சரியாப் போயிடும்' என்று சொல்லும் பெரியவர்களைச் சமாளிப்பதும் இந்த வேலையில் ஒரு பாடம்தான். ஆறு வயதுக்குள் கிடைக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம் என்பதால், காத்திருக்க நேரமில்லை.

இந்தத் துறையை முறையாகப் படிக்க நினைப்பவர்கள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, சிறப்புக் கல்வியில் இரண்டு வருட டிப்ளமோவில் சேரலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 2005-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான இந்த நிறுவனத்திலும் இத்துறைப் படிப்புகள் உண்டு.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சிறப்பு ஆசிரியர் போன்ற பணிகளுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு அவசியம். பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால், 1992-ம் ஆண்டு சட்டப்படி சிறைத் தண்டனைகூட உண்டு. 'வேலை உறுதி' என்று போஸ்டர் ஒட்டும் எல்லா இடங்களுக்கும் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்திலேயே இருக்கிறது. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியின் பெயரோடு, படிப்பின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.