ஒலி மட்டமானிப் பழுதறிதல்

ஒலி மட்டமானிப் பழுதறிதல் என்பது பழைய ஒலிக்கருவிகளின் முகப்பில் உள்ள முள் வகை மட்டமானி தவறான அளவைக் காட்டும்போது அதன் காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறை ஆகும். 1970களில் வெளிவந்த ஒலிநாடாப் பதிவுக்கருவிகள், மிகைப்பிகள், ஒலிக்கலவைக் கருவிகள் ஆகியவற்றில் இவ்வகை மானிகள் பரவலாக இடம்பெற்றன. இடம், வலம் என இரு மானிகள் கொண்ட ஸ்டீரியோ ஒலிநாடாப் பதிவுக்கருவியை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை இம்முறையை விளக்குகிறது.

மட்டமானி பெரும்பாலும் ஒலியின் பாதையிலிருந்து பிரியும் ஒரு கிளைச் சுற்றில் அமைகிறது. ஆகையால் மானி பழுதானாலும் ஒலி வழக்கம்போல் கேட்கும். பழுது நெடுநாள் கவனிக்கப்படாமலே இருக்கக்கூடும். ஆனால் ஒலியைப் பதிவு செய்பவர் மானியை நம்பியே மட்டத்தை அமைக்கிறார். மானி 6 டெசிபல் குறைவாகக் காட்டினால், அவர் குறிகையின் மின்னழுத்தத்தை ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்திவிடுவார். ஒலிநாடா காந்தத் தெவிட்டு நிலையை அடைந்து ஒலி உருக்குலையும். பதிவான பின் இதனைச் சரிசெய்ய இயலாது. மானி கூடுதலாகக் காட்டினால் குறிகை தாழ்ந்து, நாடாவின் இரைச்சல் மேலோங்கும்.

வரலாறு

வி.யூ. மானி எனப்படும் ஒலி மட்டமானி, பெல் ஆய்வுக்கூடங்களும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய அமெரிக்க வானொலி நிறுவனங்களும் இணைந்து உருவாக்கியதாகும். இது 1939 இல் பயன்பாட்டுக்கு வந்தது; 1942 இல் அமெரிக்கத் தரமாக வெளியிடப்பட்டது.

இதன் அளவுகோல் -20 முதல் +3 வரை செல்கிறது. 600 ஓம் மின்தடையில் 1 மில்லிவாட் திறனைத் தரும் மின்னழுத்தம் 0.775 வோல்ட்டு ஆகும். அதைவிட 4 டெசிபல் கூடுதலான 1.228 வோல்ட்டு, தொழில்முறைக் கருவிகளில் 0 என்னும் குறிக்கு உரியது. இம்மட்டத்தில் ஒரு குறிகை திடீரெனத் தொடங்கினால், முள் 0.3 நொடியில் 0 குறியின் 99 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது விதி. வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகள் பலவற்றின் மானிகளில் "வி.யூ." என அச்சிடப்பட்டிருந்தாலும் அவை இவ்விதியை முழுமையாகப் பின்பற்றுவதில்லை.

அமைப்பு

மானியின் உள்ளே ஒரு நிலைக்காந்தமும், அதன் முனைகளுக்கு இடையே சுழலும் மெல்லிய கம்பிச்சுருளும் உள்ளன. சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது திரும்புகிறது. அதனுடன் இணைந்த முள்ளும் நகர்கிறது. நுண்ணிய சுருள்வில்கள் முள்ளைத் தொடக்க நிலைக்கு மீட்கின்றன.

ஒலிக்குறிகை மாறுமின்னோட்டம் ஆதலால், அது முதலில் ஒருதிசை மின்னோட்டமாக மாற்றப்பட வேண்டும். தொழில்முறை வி.யூ. மானியில் இதற்கான தாமிர ஆக்சைடு அலைத்திருத்தி மானிக்குள்ளேயே இருக்கும். அது வெளியே உள்ள 3600 ஓம் மின்தடையம் வழியாக இணைக்கப்படுகிறது. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் அலைத்திருத்தி மானிக்கு வெளியே, மின்சுற்றுப் பலகையில் இருக்கும். அங்கு குறிகை கடக்கும் உறுப்புகள் பின்வருமாறு:

1. மானிக்கான சிறு மிகைப்பி (சில கருவிகளில் இல்லை)
2. நேர்மின்னழுத்தத்தைத் தடுக்கும் பிணைப்பு மின்தேக்கி
3. அளவைச் சரிசெய்யும் மாறுமின்தடையம்
4. டையோடு எனப்படும் இருமுனையம்
5. முள்ளின் துடிப்பைத் தணிக்கும் மின்தேக்கி
6. மானி

இவற்றின் வரிசை கருவிக்குக் கருவி சற்று மாறுபடும்.

பழுதறியும் படிகள்

முதற்படி, மானி சொல்வது பொய்தானா என உறுதிசெய்வதாகும். ஒரே ஒலிக்குறிகையை இரு பக்கங்களுக்கும் கொடுத்துக் கேட்க வேண்டும். இரு பக்க ஒலியும் சமமாக இருந்து ஒரு மானி மட்டும் தாழ்ந்தால், பழுது மானியிலோ அதன் கிளைச் சுற்றிலோ உள்ளது. ஒலியும் தாழ்ந்திருந்தால் மானி உண்மையையே காட்டுகிறது. பழுதை வேறிடத்தில் தேட வேண்டும். உள்ளீட்டு வடங்களை இடம் வலமாக மாற்றும்போது குறையும் பக்கம் மாறினால், குறை வடத்திலோ ஒலி மூலத்திலோ உள்ளது. பதிவு-மீட்பு மாற்றியில் படியும் அழுக்கும் மானியை விட்டுவிட்டு இயங்கச் செய்யும்.

இரண்டாம் படி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முள்ளைக் காண்பதாகும். முள் ஓய்வுக் குறியில் நிற்காவிடில், முகப்பில் உள்ள திருத்துதிருகால் சரிசெய்யலாம். நெகிழி மூடியைத் துடைத்தபின் முள் நடுவில் தொங்கினால், அது நிலைமின்னூட்டத்தின் விளைவாக இருக்கலாம். மூடியின் மேல் மெதுவாக வாயால் ஊதினால், மூச்சின் ஈரத்தால் மின்னூட்டம் அகன்று முள் இறங்கும். முள் ஒரே இடத்தில் தடைப்பட்டு நின்றால், காந்த இடைவெளியில் இரும்புத் துகள் இருக்கக்கூடும். அதனை ஒட்டுநாடாவின் நுனியால் எடுக்கலாம். ஊசி, குறடு போன்ற இரும்புக் கருவிகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

மூன்றாம் படியே முடிவைத் தருவது. கம்பிகளின் நிறத்தையும் முனைகளையும் குறித்துக்கொண்டு, இரு மானிகளின் இணைப்புகளையும் ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும். பழுது மானியுடன் இடம் மாறினால் மானியே பழுது. பழைய பக்கத்திலேயே தங்கினால் மின்சுற்று பழுது. இரு மானிகளும் ஒரே வகையாக இருப்பதால், நன்றாக இயங்கும் பக்கம் பழுதான பக்கத்துக்கு அளவுகோலாக அமைகிறது.

மானியைத் தனியே சோதித்தல்

மல்டிமீட்டரின் ஓம் அளவையை மானியின் முனைகளில் நேரடியாக வைத்தல் ஆகாது. வீட்டுக் கருவிகளின் மானிகள் பொதுவாகச் சில நூறு மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்திலேயே முழு அளவை எட்டுகின்றன. முள் வகை மல்டிமீட்டரின் தாழ்ந்த ஓம் அளவை அதைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தைச் செலுத்தி முள்ளை வளைத்துவிடலாம்.

அலைத்திருத்தி வெளியே உள்ள மானியை 1.5 வோல்ட்டு மின்கலத்தையும் 1,00,000 ஓம் மின்தடையத்தையும் தொடராக இணைத்துச் சோதிக்கலாம். இது 15 மைக்ரோ ஆம்பியர் வரையே செலுத்தும். முள் சற்று அசைந்தால் சுருள் அறுபடவில்லை எனலாம். பின்னர் 10,000 ஓம் மின்தடையத்தை இணைத்தால் மின்னோட்டம் 150 மைக்ரோ ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரு மானிகளும் ஒரே அளவு உயர வேண்டும். இரு சோதனையிலும் முள் அசையாவிடில் சுருள் அறுந்திருக்கலாம்.

அறிகுறிகளும் காரணங்களும்

* குறிகை இல்லாதபோதும் முள் உயர்ந்து நிற்றல்: பிணைப்பு மின்தேக்கி கசிந்து நேர்மின்னழுத்தத்தை விடுகிறது.
* முள் எதிர்த்திசையில் செல்லுதல்: மானியின் கம்பிகளோ இருமுனையமோ தலைகீழாக இணைக்கப்பட்டுள்ளன.
* முள் மிகையாகத் துடித்தல்: தணிப்பு மின்தேக்கி கொள்ளளவை இழந்துள்ளது.
* அளவு மிகக் குறைதல்: தணிப்பு மின்தேக்கியில் கசிவு, இருமுனையத்தில் பழுது.
* தட்டினால் அளவு மாறுதல்: மாறுமின்தடையத்தில் அழுக்கு அல்லது பற்றாசு இணைப்பில் விரிசல்.
* உயர் மட்டத்தில் சரியாகவும் தாழ் மட்டத்தில் அசையாமலும் இருத்தல்: ஜெர்மானியம் இருமுனையத்துக்குப் பதிலாகச் சிலிக்கான் இருமுனையம் பொருத்தப்பட்டுள்ளது.

கடைசிக் குறை முந்தைய பழுதுபார்ப்பின் விளைவாகும். ஜெர்மானியம் 0.2 முதல் 0.3 வோல்ட்டிலும், சிலிக்கான் 0.6 வோல்ட்டை ஒட்டியும் கடத்தத் தொடங்குகின்றன. 0 குறியில் உச்சம் 1 வோல்ட்டாக உள்ள சுற்றில், -10 குறிக்கு உரிய உச்சம் 0.32 வோல்ட்டு மட்டுமே. அங்கே சிலிக்கான் ஏறத்தாழக் கடத்தாது.

மாறுமின்தடையத்தை ஏன் முதலில் திருப்பக்கூடாது

தாழ்ந்த மானியைக் கண்டதும் மாறுமின்தடையத்தைத் திருப்பி 0 குறிக்குக் கொண்டுவருவது எளிது. ஆனால் இது அறிகுறியை மறைக்குமே தவிர பழுதை நீக்காது. 5,000 ஓம் மின்மறுப்புள்ள சுற்றில் 1 மைக்ரோபாரடு பிணைப்பு மின்தேக்கி உள்ளதாகக் கொள்வோம். 100 ஹெர்ட்சில் இதனால் ஏற்படும் இழப்பு 0.4 டெசிபல் மட்டுமே. மின்தேக்கி வறண்டு 0.1 மைக்ரோபாரடு ஆகிவிட்டால், 1000 ஹெர்ட்சில் இழப்பு 0.4 டெசிபல் ஆகவும், 100 ஹெர்ட்சில் ஏறத்தாழ 10 டெசிபல் ஆகவும் இருக்கும். 1000 ஹெர்ட்சில் மட்டும் சரிசெய்த ஒருவர், மத்தள ஒலியின் தாழ்ந்த அதிர்வெண்களை மானி மறைப்பதை அறியாமல் மிகையாகப் பதிவு செய்வார். எனவே 100 ஹெர்ட்சிலும் இரு மானிகளை ஒப்பிட வேண்டும்.

அளவு சரிபார்த்தல்

பழுது நீங்கிய பின்னரே மாறுமின்தடையத்தைத் தொட வேண்டும். கருவியின் பராமரிப்பு நூலில் கூறியுள்ள அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் உடைய சைன் அலையைச் செலுத்தி 0 குறியை அமைக்க வேண்டும். பின்னர் மின்னழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் பிற குறிகளைச் சோதிக்கலாம். 0 குறிக்கான மின்னழுத்தத்தை 1 எனக் கொண்டால்:

* +3 குறி: 1.41
* -3 குறி: 0.71
* -10 குறி: 0.32
* -20 குறி: 0.10

பாதுகாப்பு

கருவியைத் திறக்குமுன் மின்செருகியைக் கழற்ற வேண்டும். மின்வழங்கிப் பகுதியின் மின்தேக்கிகள் அதன் பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். அவை வடிந்தனவா என அளந்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். கருவி இயங்கும்போது அளக்க நேர்ந்தால் மின்மாற்றியின் உள்ளீட்டுப் பக்கத்தைத் தொடலாகாது. ஒலிநாடாத் தலையின் காந்தத்தன்மையை நீக்கும் கருவியை மானியின் அருகே கொண்டுசெல்லக்கூடாது. அதன் வலிய மாறுகாந்தப் புலத்தால் மானியின் நிலைக்காந்தம் வலுவிழக்கலாம். அதன்பின் மானி எப்போதும் குறைவாகவே காட்டும்.