காவலும் குடியாட்சியும்: மைசூர் வழக்குகள் உணர்த்துவது



அரசு தன் குடிகளுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் தலையாயது காவல். படைக்கலமும் சிறைச்சாலையும் அரசின் கையில் இருப்பதற்கு நாம் இசைந்திருப்பது, அவை நம்மைக் காக்கும் என்னும் நம்பிக்கையினாலேயாம். ஆயின் வேலியே பயிரை மேயத் தொடங்கினால் அதனைத் தடுப்பதற்கு என்ன ஏற்பாடு? குடியாட்சி நாடுகள் அனைத்தும் விடை கண்டாக வேண்டிய வினா இது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இளங்கோவடிகளின் காப்பியத்தில், பொருளீட்டப் புகார் நகரை விட்டு மதுரை புகுந்த கோவலன், அவ்வூரார் அறியாத புதியவன். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே சான்றாக, ஆராய்ச்சியின்றி அவன் உயிர் பறிக்கப்பட்டது. தன் பிழையை உணர்ந்த பாண்டியன் அக்கணமே உயிர் துறந்தான். அது மன்னனின் மனச்சான்றையே நம்பி வாழ்ந்த காலம். குடியாட்சியிலோ மனச்சான்றோடு சட்டமும் நீதிமன்றமும் விசாரணை அமைப்பும் சேர்ந்து நின்றாலன்றி எளியவனுக்குக் காப்பில்லை. பிழைப்பு நாடி அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி மிக நெருங்கியது.

மைசூர் நகரம் இதற்கோர் அண்மைக்காலச் சான்று தருகின்றது. மாதேசுவரன் மலையைச் சூழ்ந்த காடுகள் 1997ஆம் ஆண்டு வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அவ்வாண்டில் சாமராஜநகர் தனி மாவட்டமாயிற்று. அக்காடுகளில் வீரப்பன் கும்பல் செய்த கொடுமைகள் பல. 1991 நவம்பரில் வன அதிகாரி சீனிவாஸ் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரல் 9ஆம் நாள் பாலாறு அருகே வெடித்த கண்ணிவெடி 22 உயிர்களைப் பலி கொண்டது. கர்நாடகமும் தமிழ்நாடும் சிறப்பு அதிரடிப் படைகளை ஏவின. அப்படையினர் உயிரைப் பணயம் வைத்துக் காடுகளில் அலைந்தனர் என்பதை மறுப்பாரில்லை.

எனினும் அந்நடவடிக்கையின் மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். மலைக்கிராமத்தவர் பலர், கும்பலுக்கு உதவினர் என்ற ஐயத்தின்பேரில், தடா எனப்படும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ச் சிறையிடப்பட்டனர். பொதுவான சாட்சியச் சட்டப்படி, போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. தடாச் சட்டமோ, கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது; பிணையில் வெளிவருவதையும் மிக அரிதாக்கியது. 1995 மே மாதத்தில் அச்சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. சட்டம் மறைந்தபோதிலும் அதன்கீழ்த் தொடுக்கப்பட்ட வழக்குகள் மறையவில்லை. மைசூர்ச் சிறையில் பலர் விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர்.

2000 ஜூலை 30ஆம் நாள் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது, அக்கைதிகளின் விடுதலை கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. மைசூர்ச் சிறையிலிருந்த 51 பேர் மீதான தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற அரசு முற்பட்டது. கும்பலால் 1992இல் கொல்லப்பட்ட துணை ஆய்வாளர் ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2000 நவம்பரில் நீதிமன்றம் அம்முயற்சியைத் தடுத்தது. வழக்கைத் திரும்பப் பெறுவதாயின், அரசு வழக்கறிஞர் தம் அறிவைச் செலுத்தித் தாமே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். கடத்தல்காரனின் அச்சுறுத்தலும், ஆட்சியாளரின் இக்கட்டும் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

2001இல் மைசூர்த் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டோருள் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். ஆயுள் தண்டனை பெற்ற நால்வருக்கு உச்ச நீதிமன்றம் 2004இல் தூக்குத் தண்டனை விதித்தது. கருணை மனுவின்மீது முடிவெடுக்க நேர்ந்த நெடுந்தாமதம் கருதி, 2014 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. விடுதலை பெற்றவர்களோ சிறையில் கழித்த ஆண்டுகளை யாரிடமிருந்தும் திரும்பப் பெற இயலாது.

அதிரடிப் படையினர் இழைத்ததாகக் கூறப்பட்ட கொடுமைகளை ஆராய, தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மக்களின் வாக்குமூலங்கள் கேட்கப்பட்டன. 2007 ஜனவரியில் ஆணையம், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு அளிக்கப் பரிந்துரைத்தது. தொகை எவ்வாறாயினும், படையின் செயலும் விசாரணைக்கு உட்பட்டதே என்று ஒப்புக்கொள்ளப்பட்டமை பெரிதாகும்.

இத்தகைய துயரம் நேர்ந்த பின் ஆராய்வதினும், நேராமல் தடுப்பதே சிறந்தது. காவல்துறைச் சீர்திருத்தத்தின் நோக்கமும் அதுவே. நம் போலீஸ் அமைப்பின் அடித்தளம், அயலார் ஆண்ட 1861ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம். 1977இல் அமைந்த தேசியப் போலீஸ் ஆணையம் விரிவான பரிந்துரைகள் வழங்கியும், அவை நெடுங்காலம் ஏட்டிலேயே தங்கின. 2006 செப்டம்பர் 22ஆம் நாள், பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு ஆணைகள் பிறப்பித்தது. மாநிலப் பாதுகாப்பு ஆணையம் அமைத்தல், முக்கிய பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு இரண்டாண்டுப் பதவிக்கால உறுதி, குற்றப் புலனாய்வையும் ஒழுங்கு காக்கும் பணியையும் பிரித்தல், போலீஸார் மீதான முறையீடுகளை விசாரிக்கத் தனி அமைப்பு ஆகியன அவற்றுள் சில. கண்காணிப்பாளரும் அவருக்கு மேற்பட்டோரும் மாநில அமைப்பின் விசாரணைக்கும், துணைக் கண்காணிப்பாளர் வரையிலானோர் மாவட்ட அமைப்பின் விசாரணைக்கும் உரியர். கர்நாடகம் 1963ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தை 2012இல் திருத்தி, இவ்வகை அமைப்புகளுக்கு இடந்தந்தது.

இச்சீர்திருத்தங்கள் போலீஸாருக்கு எதிரானவை என்று கருதுவாருளர். அக்கருத்து பொருந்தாது. நேர்மையான அதிகாரி, செல்வாக்குடையோரின் சினத்துக்கு ஆளாகி ஊர்விட்டு ஊர் மாற்றப்படாமலிருக்கப் பதவிக்கால உறுதி துணை செய்கின்றது. ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் ஓடிக்கொண்டே கொலை வழக்கையும் துப்பறிய வேண்டிய இடர்ப்பாட்டைப் பணிப்பிரிவு நீக்குகின்றது. மக்களின் நம்பிக்கையைப் பெற்ற காவலருக்கே துப்புக் கொடுப்போர் முன்வருவர். அஞ்சிய ஊரில் எவரும் வாய் திறவார்.

அயல் மாநிலத்தில் வாழ்வோர் நினைவிற்கொள்ள வேண்டுவன சில. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22ஆம் பிரிவு விதிக்கின்றது. வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையையும் அதுவே அளிக்கின்றது. வறியவர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையம் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருகின்றது.

மொழியுரிமை அவற்றினும் கருதத்தக்கது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு, அதன் காரணங்களை அவர் அறிந்த மொழியில் தெரிவிக்க வேண்டுமென 1962இலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. கைதுக்கான காரணமும் கைதானவருக்கு விளங்கும் மொழியிலேயே சொல்லப்பட வேண்டுமென 2025 பிப்ரவரியில் அது வலியுறுத்தியது. ஒரு மொழியினின்றும் மற்றொரு மொழிக்குச் சொற்களைப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: ‘கண்டேன்’ என்பதற்கும் ‘சந்தித்தேன்’ என்பதற்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடு, ஒரு வாக்குமூலத்தில் ஒருவன் வாழ்வையே மாற்றிவிடக்கூடும். ஆகவே விளங்காத தாளில் கையொப்பம் இடாதிருப்பதும், மொழிபெயர்த்துச் சொல்லுமாறு கேட்பதும் பணிவுக் குறைவாகா. அவை குடிமகனின் உரிமைகள்.

நம்மவர் வாழும் ஊரின் மொழியைக் கற்பதும், சங்கங்களின் வாயிலாக இவ்வுரிமைகளைத் தொழிலாளர்க்கு எடுத்துரைப்பதும் நற்பணிகளாம். கோவலனுக்காக வழக்குரைக்க, அவன் மாண்ட பின்னரே கண்ணகி அரசவை ஏற முடிந்தது. இக்காலத்துப் புதியவனின் சொல்லோ, அவன் உயிரோடும் உரிமையோடும் இருக்கும்போதே அவையேற வேண்டும். அதற்கு வழி வகுப்பதே குடியாட்சியின் காவல்.