பிரெஞ்சு வகுப்பு கேட்பதும் வீடு கொடுக்க வேண்டியதும்

பிளஸ் ஒன் சேரும் சமயத்தில் "தமிழா, பிரெஞ்சா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. எங்கள் வீட்டிலும் எழுந்தது. "பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம்" என்று சொல்லாதவர்களே இல்லை. என் மகளும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தாள். ஆறு முதல் எட்டு வரை மூன்றாவது பாஷையாகப் படித்திருக்கிறோமே, பாதி தெரியும் என்ற தைரியம் வேறு.

முதல் வாரமே டீச்சர் ஒரு தாளைக் கொடுத்து, பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். வகுப்புக்குள் பிரெஞ்சில்தான் பேச வேண்டும். தினம் பத்து நிமிஷம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாரம் ஒரு டிக்டேஷன். புதுச் சொற்களுக்குத் தனி நோட்டு. வீட்டுப் பாடத்தை செல்போன் மொழிபெயர்ப்பில் போட்டு எழுதக் கூடாது. திருத்திக் கொடுத்த கட்டுரையைப் பிழையில்லாமல் மறுபடி எழுதிக் காட்ட வேண்டும். இப்படி ஒரு பக்கம் நிறைய!

பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. முதல் டிக்டேஷனில் இருபதுக்கு ஏழு வாங்கியதும், "நான் தமிழுக்கே மாறிடறேம்மா" என்று ஒரே அழுகை. எனக்கோ பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனாலும் காரணமில்லாமல் ஒரு டீச்சர் இத்தனை சட்டம் போடுவாரா? பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். நமக்கும் உபயோகப்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

வாய் திறக்காவிட்டால் பாஸ் இல்லை

பிரெஞ்சில் 'டெல்ஃப்' என்று ஒரு சர்டிபிகேட் பரீட்சை உண்டு. பிரான்ஸ் நாட்டுக் கல்வி அமைச்சு 1985-ல் ஏற்படுத்தியது. கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஆனால் எந்தப் பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. மற்ற மூன்றிலும் வெளுத்துக்கட்டினாலும், பேச வாய் திறக்காத பிள்ளை தேறாது.

வகுப்பில் பிரெஞ்சிலேயே பேசச் சொல்வது இதற்காகத்தான். பேசும்போது தப்பு வந்தால் டீச்சர் மார்க் குறைப்பதில்லையாம். பேசாமல் உட்கார்ந்திருந்தால்தான் குறைப்பாராம்.

ஒரு விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அனுகூலம் இருக்கிறது. பிரெஞ்சில் 'த்யு' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். பெரியவர்களையும் அறிமுகமில்லாதவர்களையும் 'வூ' போட்டுத்தான் பேச வேண்டும். எல்லாருக்கும் ஒரே 'யூ' போட்டுப் பழகிய ஆங்கிலேயப் பிள்ளை இதில் தடுமாறும். தாத்தாவிடம் 'நீங்க', தம்பியிடம் 'நீ' என்று பேசி வளர்ந்த நம் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்!

டிக்டேஷன் ஏன்?

எழுதுவதில் பாதியை வாயால் சொல்வதில்லை என்பதுதான் அந்தப் பாஷையின் குணம். பாரிஸ் நகரத்தை அந்த ஊர்க்காரர்கள் 'பாரி' என்கிறார்கள். கடைசி 'எஸ்' சும்மா நிற்கிறது. 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதினால் 'ஊ' என்று வாசிக்க வேண்டும். 'அல்லது' என்று பொருள். அந்த 'யூ' தலையில் ஒரு சின்னச் சாய்கோடு போட்டால், உச்சரிப்பு அதேதான், பொருள் மட்டும் 'எங்கே' என்று மாறிவிடும்!

தமிழில் போனான், போனாள் என்று சொல்லும்போதே வித்தியாசம் காதில் விழும். பிரெஞ்சில் அந்த வினை இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒலிக்கும். எழுதும்போதுதான் பெண்ணுக்கு ஒரு 'ஈ' கூடுதலாகப் போட வேண்டும். அது காதால் வராது, கை பழகித்தான் வரும். அதற்குத்தான் டிக்டேஷன்.

1857-ல் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் அரண்மனையில், ப்ரோஸ்பர் மெரிமே என்ற எழுத்தாளர் ஒரு டிக்டேஷன் கொடுத்தாராம். சக்கரவர்த்திக்கு 75 பிழை, மகாராணிக்கு 62 பிழை என்று சொல்வார்கள். ராஜா வீட்டிலேயே அப்படி என்றால் நம் வீட்டில் ஏழு மார்க் ஒரு குற்றமா? இதைச் சொன்னதும்தான் என் பெண் சிரித்தாள்.

இன்னொன்று, அந்த நாட்டில் இருபதுக்குத்தான் மார்க் போடுவது வழக்கம். 'பாக்கலோரேயா' என்ற பள்ளியிறுதிப் பரீட்சையில் பத்து எடுத்தால் பாஸ். பதினாறு எடுத்தாலே 'மிக நன்று' என்று போட்டுக் கொடுப்பார்கள். நூற்றுக்கு நூறு என்றே பழகிவிட்ட நம் கண்ணுக்குத்தான் அது குறைவாகத் தெரிகிறது.

வீட்டில் நாம் செய்யக் கூடியது

பாஷை தெரியாத அம்மாவும் உதவலாம். எழுத்து என்னவோ ஆங்கில எழுத்துதான். மேலும் கீழும் சில குறிகள் கூட இருக்கும், அவ்வளவே. மகள் பாடத்தின் ஒலிப்பதிவை செல்போனில் போட்டு எழுதுவாள். புத்தகத்தையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்ப்பது என் வேலை. குறி விட்டுப்போனால்கூட எனக்குத் தெரிந்துவிடும்.

நான் காய் நறுக்கும்போது அவள் உரக்க வாசிப்பாள். அர்த்தம் புரியாவிட்டால் என்ன? எங்கே திக்குகிறாள் என்பது காதுக்குத் தெரியாதா!

அடுத்தது சொல் நோட்டு. நம் பாஷையில் மேசையும் புத்தகமும் அஃறிணை, விஷயம் முடிந்தது. பிரெஞ்சில் புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால். சூரியன் ஆண், சந்திரன் பெண். ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னால் வரும் 'ல', 'லா'வோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு என்று இரண்டு பேனா வாங்கிக் கொடுத்தேன். கண்ணில் நன்றாகப் பதிகிறது.

எண்களுக்கு மளிகைப் பில் போதும். எழுபதை 'அறுபது பத்து' என்றும், எண்பதை 'நாலு இருபது' என்றும், தொண்ணூற்றொன்பதை 'நாலு இருபது பத்தொன்பது' என்றும் சொல்கிறார்கள். துவரம்பருப்பு விலையைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்லுங்கள், வீடே கலகலக்கும்.

செல்போன் மொழிபெயர்ப்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பக்கத்து வீட்டில் சுட்ட தோசையைச் சமையல் போட்டியில் வைத்த கதைதான் அது. பிள்ளைக்கு எது வரவில்லை என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்?

மார்க்குக்காக மட்டும் என்றால்

தாய்மார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்குக் கணக்கு, பௌதிகம், ரசாயனம் மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். மருத்துவத்துக்கு நீட். இரண்டிலும் மொழிப் பாட மார்க் கணக்கில் இல்லை. அப்படியிருக்க, கேள்வி பதிலை நெட்டுருப் போட்டுத் தொண்ணூற்றைந்து வாங்கிவிட்டு, ஒரு வாக்கியம் பேச வராமல் வெளியே வந்தால் மிச்சம் என்ன? டீச்சர் தாளில் எழுதியபடி இரண்டு வருஷம் செய்தால் பாஷையாவது மிஞ்சும். பிரான்ஸில் பிரெஞ்சு வழியில் மேல்படிப்புக்குப் போக நினைத்தால், டெல்ஃபில் 'பி-2' நிலை வரை ஏறினால் நல்லது.

என் பெண் மாறவில்லை. அரையாண்டில் டிக்டேஷன் மார்க் பன்னிரண்டுக்கு வந்தது. எனக்கு அது தொண்ணூறு மாதிரி!

ஒரு கவலை மட்டும் எனக்கு உண்டு. பள்ளியில் பிரெஞ்சு வந்தால் தமிழ் போகிறது. பாட்டிக்கு ஒரு கடிதம் தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரியாத பிள்ளை, பிரெஞ்சில் கட்டுரை எழுதி என்ன பிரயோஜனம்? அதனால் ஞாயிறுதோறும் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு கதை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இரண்டு பாஷையும் ஒன்றையொன்று தள்ள வேண்டியதில்லை. பாண்டிச்சேரியில் தெருப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கின்றன. கோடையில் நாம் பானையில் போடும் வெட்டிவேருக்குப் பிரெஞ்சுக்காரர்களும் 'வெத்திவேர்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் நம்மிடமிருந்து போனதுதான்!

ஆகவே, பிள்ளை அந்த மாதிரித் தாளைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அடுப்படி அலமாரியில் ஒட்டி வையுங்கள். தினம் பத்து நிமிஷம் அதற்கென்று ஒதுக்குங்கள், போதும்.