இறங்கும் ஊரில் கார் வேண்டுமா? அமெரிக்காவின் அதிவேக ரயில் கேள்வி

அமெரிக்காவில் பத்து வீடுகளில் ஒன்பதில் குறைந்தது ஒரு காராவது இருக்கிறது. கடைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கார் எடுத்தாக வேண்டிய விதத்தில்தான் அந்நாட்டின் புறநகரங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்தன. 1956-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளின் செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்றது. 1964 அக்டோபரில் ஜப்பான், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் ஷின்கான்சென் ரயிலை ஓட்டத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமும் அதிவேகத் தரைப் போக்குவரத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் பயணிகள் ரயில் ஓடும் பாதை ஒன்றுகூட அங்கே இன்னும் இல்லை. மக்கள் காரை விட மாட்டார்கள், ரயிலில் போய் இறங்கினாலும் அங்கே ஒரு கார் வேண்டியிருக்கும் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இதில் பாதி உண்மை, பாதி தவறு. அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே பாதை போடலாம், எங்கே கூடாது என்பது விளங்கும்.

முதலில் தவறான பாதி. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக விமானம் ஏறுபவர், தன் காரை விமான நிலைய வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுத்தான் போகிறார். போய் இறங்கிய ஊரில் டாக்ஸியோ வாடகைக் காரோ எடுத்துக்கொள்கிறார். அமெரிக்காவின் வானில் நாள்தோறும் பல லட்சம் பேர் இப்படித்தான் பறக்கிறார்கள். ஆக, நீண்ட பயணத்துக்குக் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இன்னொரு வாகனத்தில் ஏறுவது அந்த மக்களுக்குப் புதிதே இல்லை. புறப்படும் ஊரில் கார் இருப்பது ரயிலுக்குத் தடையாகாது. வீட்டிலிருந்து நிலையம் வரை அதுவே கொண்டுவந்து சேர்க்கும், பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்று கட்டினால் போதும். சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. இறங்கும் இடத்திலிருந்து நடந்தோ மெட்ரோவிலோ சிறிய டாக்ஸிப் பயணத்திலோ வேலையை முடிக்க முடியுமென்றால் ரயில் வெல்லும். முடியாதென்றால், வீட்டிலிருந்தே காரில் கிளம்புவதுதான் பலருக்கும் எளிது. ஒரு நாடு மொத்தமாகக் காரை நம்பியிருக்கிறதா என்று கேட்பதைவிட, இன்ன ஊரில் இறங்குபவருக்குக் கார் வேண்டுமா என்று கேட்பது பயனுள்ளது என்று நான் கருதுவது இதனால்தான்.

அமெரிக்காவுக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் நகரங்களை இணைக்கும் வடகிழக்குப் பாதையில் ஆம்ட்ராக் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் ‘அசெலா’ ரயிலை ஓட்டுகிறது. உச்ச வேகம் மணிக்கு 240 கி.மீ. என்று சொன்னாலும், பழைய பாலங்களும் வளைவுகளும் நிறைந்த பாதையில் அந்த வேகத்தை அது சிற்சில இடங்களில்தான் தொட்டது. நியூயார்க்–வாஷிங்டன் 362 கி.மீ. தொலைவைக் கடக்க மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. சராசரி வேகம் மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டுவதில்லை. 2025-இல் வந்த புதிய ரயில்கள் 257 கி.மீ. வரை ஓடக்கூடியவை என்றாலும் பாதை பழையதுதான். இருந்தும், இந்த இரு நகரங்களுக்கிடையே எல்லா விமான நிறுவனங்களும் சேர்ந்து ஏற்றிச் செல்வதைவிட அதிகமானோரை ஆம்ட்ராக் ஏற்றிச் செல்கிறது. நியூயார்க்கில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் கார் இல்லை, வாஷிங்டனில் மெட்ரோ இருக்கிறது, இரண்டு ஊர்களிலும் நிலையம் நகரின் நடுவே அமைந்திருக்கிறது. உண்மையான அதிவேகம் இல்லாமலேயே ரயில் வென்ற இடம் இது.

ஐரோப்பாவும் இதையே காட்டுகிறது. இத்தாலியர்களைக் கார் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 700 கார்கள் என்ற அளவில், ஐரோப்பிய ஒன்றியத்தில் மிக அதிகமாகக் கார் வைத்திருப்போரில் அவர்களும் அடங்குவர். ஆனால் ரோமிலிருந்து மிலானுக்குப் போக அவர்கள் மூன்று மணி நேர ரயிலைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த வழித்தடம் விமானங்களின் கையில் இருந்தது. ஊர் நடுவே இறங்கியதும் வேலை முடிகிறது என்பதால் வீட்டில் கார் நின்றாலும் அது வெளியே வருவதில்லை. அதே ஐரோப்பாவில், ஊரை விட்டு விலகி வயல்வெளியில் நிலையம் கட்டியவர்கள் பாடம் படித்திருக்கிறார்கள். பிரான்ஸின் வடக்கே ஓட்-பிக்கார்தி நிலையத்தைச் சுற்றியிருக்கும் சர்க்கரை பீட் வயல்களை வைத்தே மக்கள் அதற்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள். ஸ்பெயினில் குவாதலஹாரா நகருக்கு வெளியே கட்டிய நிலையத்தில் ஏறி இறங்குபவர்கள் மிகக் குறைவு.

நாடு மிகப் பெரியது, மக்கள் அடர்த்தி குறைவு என்பது அடுத்த மறுப்பு. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ரயில் விட வேண்டுமென்றால் இந்த மறுப்பு சரியே. கிட்டத்தட்ட 4,000 கி.மீ. தொலைவில் விமானத்தோடு எந்த ரயிலும் போட்டியிட முடியாது. ஆனால் அதிவேக ரயில் 200 முதல் 800 கி.மீ. வரையிலான தொலைவுக்கானது, அந்த இடைவெளியில் நாட்டின் சராசரி அடர்த்திக்கு வேலையே இல்லை. கலிபோர்னியாவின் மக்கள் அடர்த்தி ஸ்பெயினுடையதைப் போன்றதுதான். மட்ரிட்–பார்சிலோனா தொலைவும் லாஸ் ஏஞ்சலிஸ்–சான் பிரான்சிஸ்கோ தொலைவும் ஏறத்தாழ ஒன்றே, 600 கி.மீ.யைச் சற்றுத் தாண்டும். மட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நான்கு பேர் கொண்ட குடும்பம் சாமான்களோடு போகும்போது நான்கு டிக்கெட்டைவிடப் பெட்ரோல் மலிவு. அந்தப் பயணங்களில் பெரும்பகுதி சாலையிலேயே தொடரும், தொடரட்டும். தனியாகவோ இருவராகவோ போகிறவர்களும் இன்று விமானத்தில் போகிறவர்களுமே ஒரு பாதையை நிரப்பப் போதுமானவர்கள்.

இறங்கும் ஊரில் கார் வேண்டுமா என்ற அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு திட்டங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரிகிறது. பிரைட்லைன் வெஸ்ட் நிறுவனம் லாஸ் வேகஸிலிருந்து ரான்சோ குக்கமோங்கா வரை சுமார் 350 கி.மீ. பாதைக்கு 2024 ஏப்ரலில் வேலை தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் மையத்திலிருந்து வெகு கிழக்கே பாதை நின்றுவிடுகிறதே என்று குறை சொல்வோர் உண்டு. கலிபோர்னியாவாசிக்கு அது புறப்படும் முனை. அவரிடம் கார் இருக்கிறது, ஓட்டிவந்து நிறுத்துவார். இறங்கும் லாஸ் வேகஸில் சுற்றுலாப் பயணி ஒரே சாலையை ஒட்டிய விடுதிகளுக்குள்தான் சுற்றுவார். செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போவது கவலை தந்தாலும், இடத்தேர்வு நியாயமானது. டல்லாஸ்–ஹூஸ்டன் திட்டத்தின் கதை வேறு. 385 கி.மீ., 90 நிமிடம் என்று கேட்கும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் அலுவலகங்கள் வெகு தொலைவுக்குச் சிதறிக் கிடக்கும் ஹூஸ்டனில், மையத்துக்கு வெளியே திட்டமிட்ட நிலையத்தில் இறங்குபவர் மறுபடி காரைத்தான் தேட வேண்டும். நகரப் போக்குவரத்தோடு சேர்த்துத் திட்டமிடாத வரை அந்தப் பாதைக்கு நான் அவசரப்பட மாட்டேன்.

பணம் பற்றிய மறுப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. சான் பிரான்சிஸ்கோ–லாஸ் ஏஞ்சலிஸ் அதிவேக ரயிலுக்காகக் கலிபோர்னியா வாக்காளர்கள் 2008 நவம்பரில் 995 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தபோது, முதல் கட்டத்துக்கு ஏறத்தாழ 3,300 கோடி டாலர் ஆகும், 2020-இல் ரயில் ஓடும் என்றார்கள். இன்று மதிப்பீடு 10,000 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது, ரயில் ஓடவில்லை. அதே 2008-இல்தான் மட்ரிட்–பார்சிலோனா பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. ஸ்பெயின் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 2 கோடி யூரோவுக்கும் குறைவாகச் செலவழித்து இத்தகைய பாதைகளைக் கட்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் இந்தத் தோல்வியைக் காரின் தலையில் கட்ட முடியாது. தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பணத்தோடு திட்டம் தொடங்கியது. ஒபாமா அரசின் ஊக்க நிதிக்குக் கெடு இருந்ததால், நிலம் முழுதும் கைக்கு வருமுன்பே ஒப்பந்தங்கள் போடப்பட்டன. நிரந்தரப் பொறியாளர்கள் போதாமல் வெளி ஆலோசனை நிறுவனங்களை நம்பினார்கள். சுற்றுச்சூழல் ஆய்வுகளும் வழக்குகளும் ஆண்டுகளை விழுங்கின. ஸ்பெயினில் பாதைக்குப் பின் பாதை என்று தொடர்ந்து கட்டியதால், அனுபவமுள்ள பொறியாளர்கள் அரசு அமைப்புக்குள்ளேயே இருந்தார்கள். ஸ்பெயினிடமும் குறை உண்டு: பயணிகளே இல்லாத ஊர்களுக்கும் அரசியலுக்காகப் பாதை போட்டார்கள், ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2018-இல் அதைக் கண்டித்தது. மலிவாகக் கட்டுவது ஒரு திறமை, தேர்ந்து கட்டுவது இன்னொரு திறமை.

ரயிலுக்கு மானியம் எதற்கு, சாலை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறதே என்போர் நெடுஞ்சாலை நிதியத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த நிதியத்துக்குப் போகும் மத்திய பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்டில் அப்படியே நிற்கிறது. நிதியம் காலியாகாமல் இருக்க 2008 முதல் 25,000 கோடி டாலருக்கும் அதிகமாகப் பொது வரிப்பணம் அதற்குள் கொட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் வாங்கித் தருவதும் நிலைப்பதில்லை. ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையை ஏறத்தாழ 280 கோடி டாலரில், பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் வரை விரித்தார்கள். 2008-இல் வேலை முடிந்தது. சில ஆண்டுகளிலேயே நெரிசல் திரும்பி வந்துவிட்டது. தானியங்கி மின்சாரக் கார்கள் வந்தாலும் அவற்றுக்கும் அதே தடங்கள்தான் வேண்டும்.

இப்போது கலிபோர்னியாவில் வேலை நடப்பது மெர்செட்–பேக்கர்ஸ்பீல்டு இடையே, சுமார் 275 கி.மீ. சமவெளியில். நிலம் மலிவு, கட்டுவது எளிது. ஆனால் இறங்கியதும் கார் தேவைப்படாத ஊர் அந்த வழியில் ஒன்றுகூட இல்லை. 2025 ஜூலையில் டிரம்ப் அரசு சுமார் 400 கோடி டாலர் மத்திய மானியத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாநிலச் சட்டமன்றம் 2045 வரை ஆண்டுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது; திட்டத்துக்கு இவ்வளவு நீண்ட காலத்துக்கு உறுதியான பணம் கிடைத்தது இதுவே முதல் முறை. அந்தப் பணம் முதலில் போக வேண்டியது வடக்கே கில்ராய்க்கும் தெற்கே பாம்டேலுக்கும். கில்ராயைத் தொட்டால் சான் ஹொசே வழியே சான் பிரான்சிஸ்கோவரை போகும் கால்ட்ரெயின் பாதையோடு சேரலாம்; சான் ஹொசேயிலிருந்து வடக்கே அந்தப் பாதை 2024-இல் மின்மயமானது, அதற்கு அதிவேக ரயில் திட்டமும் பணம் தந்திருக்கிறது. பாம்டேலிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறநகர் ரயில் ஏற்கெனவே ஓடுகிறது. நடுவில் குறுக்கிடும் மலைச் சுரங்கங்கள் செலவு பிடித்தவைதான். ஆனால் சமவெளித் துண்டு மட்டும் தனியாக ஓடத் தொடங்கினால் பெட்டிகள் பாதி காலியாகவே போகும், ‘பார்த்தீர்களா, அமெரிக்கர்களுக்கு ரயில் வேண்டாம்’ என்று அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு பேக்கர்ஸ்பீல்டைப் பற்றி மட்டுமே சொல்லும். சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பயணி இறங்கும் நாளில் எடுக்கிற கணக்கை வைத்துத்தான் இந்தத் திட்டத்தை மதிப்பிட வேண்டும்.