பந்தி வீதி – 14: தட்டையே உண்ணும் தேசம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மெஸ்களின் பூர்வகதையைச் சென்ற வாரம் முடித்தாயிற்று. ரயில்வே குவார்ட்டர்ஸ், யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள், மாதக் கணக்குச் சாப்பாடு ஆகிய விவரங்கள் தொடரை விடாது வாசித்து வரும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் 1886இல் திறந்த இருப்புப்பாதையின் வழியே கிள்ளானுக்குப் போய், தெங்கு கிளானா சாலையிலுள்ள ஸ்ரீ பாரதன் மாதா விலாஸின் ஆட்டிறைச்சி மீ சூப்பைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறுக்கே எரித்திரியா வந்துவிட்டது.

ஸ்காட் சாலைப் பக்கம், வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரு சிறிய வாழையிலைக் கடை. பக்கத்து வீட்டுப் பாட்டிமுதல் வங்கி அதிகாரிவரை இடம் கிடைத்த நாற்காலியில் அமர்ந்து உண்ணும் அந்தக் கடையில், எனக்கு எதிரே ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். இங்குள்ள கல்லூரி ஒன்றில் படிக்கும் எரித்திரிய மாணவர். சோறு, பருப்பு, பாவற்காய்ப் பொரியல் எல்லாவற்றையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டவர், கோழிக்கறியை விலக்கியதோடு நில்லாமல், சுத்த சைவக்காரரும் ஆவலோடு வாங்கும் மோரையும் வேண்டாமென்றார். உண்டு முடித்ததும், நாம் இலையை நம் பக்கமாக மடிப்பதைப் பார்த்து, அதை ஏன் எறிகிறீர்கள், எங்கள் ஊரில் அடியில் கிடப்பதையும் சேர்த்தல்லவா சாப்பிடுவோம் என்று மலாயில் கேட்டார். பரிமாறுகிறவர் என்னிடம் திரும்பி, “அண்ணே, இவரு இலையத் திங்கணும்ங்கிறாரு!” என்று சிரித்தார்.

அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்ததில் எனக்கு இந்த வாரமே போய்விட்டது. தெஃப் என்னும் கடுகினும் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகன்ற வட்டக் கல்லில் ஊற்றி, மூடி போட்டு, திருப்பாமலே வேகவைத்து எடுக்கும் இன்ஜெரா என்னும் எரித்திரிய ரொட்டி, கண் கண்ணாகத் திறந்து, நம் ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போல மெத்தென்று இருக்கும். தெஃப் விலையுயர்ந்ததாகையால் சோளமும் கோதுமையும் கலப்பார்கள். பெரிய தட்டு ஒன்றில் அதை விரித்து, பெர்பெரே என்ற மிளகாய்ப் பொடி கலந்த ஜிக்னி என்னும் இறைச்சிக் குழம்பையும், கடலைமாவில் கிண்டிய ஷிரோவையும் அதன்மேல் ஊற்றி, குடும்பமே சுற்றி அமர்ந்து கையால் பிய்த்து உண்கிறது. தன் முன்னுள்ள பகுதியிலிருந்து மட்டுமே எடுப்பது மரியாதை. குழம்பெல்லாம் ஊறி அடியில் கிடக்கும் பாகமே எல்லாவற்றிலும் ருசியானது என்று அம்மாணவர் சத்தியம் செய்கிறார்.

மோரின் ரகசியமும் இத்துடன் விளங்கிற்று. எரித்திரியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி ஆகிய இரு தினங்களிலும் விரதம் அனுஷ்டித்து, இறைச்சியோடு பால், தயிர், முட்டை அனைத்தையும் ஒதுக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை சைவமென்று பெருமை பேசும் நாம், தயிர் விஷயத்தில் அவர்களுக்கு ஒரு படி கீழே என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1890இல் இத்தாலியரின் குடியேற்ற நாடான எரித்திரியாவில், இரண்டாம் உலகப் போரின்போது 1941 மார்ச் 27இல் கெரன் நகரம் வீழ்ந்தது; அந்தச் சண்டையில் மலையேறிப் பொருதவை இந்தியாவின் 4ஆம், 5ஆம் டிவிஷன்கள். இத்தாலியர் தகர்த்து அடைத்திருந்த தொங்கொலாஸ் கணவாய்ப் பாதையைத் திறந்துகொடுத்தவர்கள் சாப்பர்கள் எனும் ராணுவப் பொறியாளர்கள். அப்படையெடுப்பில் மதராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள். ஆகவே எரித்திரியா நமக்கு முற்றிலும் அந்நிய தேசமன்று.

பேட்டைச் சாப்பாட்டுக் கடையின் லட்சணம் யாது என்று இத்தொடரின் ஆரம்பத்திலிருந்தே வாசகர்கள் கேட்டு வருகிறார்கள். சுவரின் அலங்காரமோ, பதார்த்தங்களின் எண்ணிக்கையோ அன்று. அந்த வெள்ளிக்கிழமை மாணவர் மோரை மறுத்த காரணத்தைக் கேட்டுக்கொண்ட கடை முதலாளியான தவுக்கே, “சரி தம்பி, புதனும் வெள்ளியும் ஒங்களுக்கு மோர் கெடையாது, பருப்பு ரெண்டு கரண்டி கூடப் போடச் சொல்றேன்” என்றார். இன்னாருக்கு இன்ன கிழமையில் இன்னது ஆகாது என்று எந்தக் கடை நினைவு வைத்துக்கொள்கிறதோ, அதுவே பேட்டையின் கடை. மற்றவை வியாபார ஸ்தலங்கள்.

எரித்திரியர் விருந்தினர் கண்ணெதிரே கொட்டையை வறுத்து, மூன்று சுற்று ஊற்றிக் கொடுக்கும் காப்பியைச் சொல்லாமல் கிள்ளானுக்கு ரயில் ஏற எனக்கு மனமில்லை. அடுத்த வாரம் காப்பி. மீ சூப் அதற்கடுத்த வாரம். பொறுமையில்லாத அன்பர்கள் நேரே கிள்ளானுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, எப்படி இருந்ததென்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.