ஜீவனிப் பக்கற்றின் பின்னால்: ஆய்வுப் பணமும் தாய்மாரின் கைகளும்

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனி கரைத்துக் கொடுத்த அனுபவம் இல்லாத தாய்மார் நம்மிடையே மிகக் குறைவு. இடம்பெயர்ந்து மரநிழல்களிலும் முகாம்களிலும் வாழ்ந்த காலங்களில், பிள்ளைக்குக் கொடுக்கக் கையிலிருந்த ஒரே மருந்து இதுவாகவே பலருக்கு இருந்தது. இந்தச் சிறிய பக்கற் யாருடைய பணத்தில், யாருடைய உழைப்பில் உருவானது என்பதை நாம் பேசுவதில்லை. சிறுவர் சுகாதாரத்தில் ஆய்வுக் கூட்டுறவு என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள இது நல்லதோர் உதாரணமாகும்.

டாக்காவில் தொடங்கிய ஆய்வு

1960 ஆம் ஆண்டு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா நகரில் கொலரா ஆய்வுகூடம் ஒன்று அமைக்கப்பட்டது. தென்கிழக்காசிய உடன்படிக்கை அமைப்பின் பெயரில், பெருமளவு அமெரிக்கப் பணத்தில் அது இயங்கியது. பணம் தந்தவர்களுக்கு அரசியல் நோக்கமும் இருந்தது. எனினும் அங்கு நடைபெற்ற ஆய்வு வறிய பிள்ளைகளுக்கே அதிகம் பயன்பட்டது.

கொலரா நோயாளியின் உயிரைப் பறிப்பது உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதே. நாளத்தினூடாகச் சேலைன் ஏற்றுவதே அன்றிருந்த சிகிச்சை. குடல் குளுக்கோஸை உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்து உறிஞ்சுகின்றது. உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. இந்த உண்மையைக் கொண்டு, டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய மருத்துவர்களும் அவர்களது குழுவினரும் வாயினால் பருகும் கரைசலைக் கொடுத்துப் பார்த்தனர். சேலைனின் தேவை ஏறத்தாழ 80 வீதத்தால் குறைந்ததாக 1968 இல் அறிவித்தனர். ஆனாலும், பயிற்சி இல்லாதவர்கள் கையில் இதை ஒப்படைக்கலாம் என்பதைப் பல மருத்துவர்கள் நம்பவில்லை.

அகதி முகாமில் கிடைத்த விடை

1971 இல் பங்களாதேஷ் யுத்தம் மூண்டபோது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாகச் சென்றனர். எல்லையோரப் பொங்காவ் பகுதியில் கொலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையில் நோயாளர்கள் நெருக்கமாகக் கிடந்தனர், சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கு பணியாற்றிய சிறுவர் மருத்துவர் திலீப் மஹாலனபிஸ், கல்கத்தாவிலிருந்த ஜோன் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றை அளந்து பைகளில் அடைத்து, முகாமில் நீரில் கரைத்துக் குழாய் பொருத்திய பீப்பாய்களில் நிரப்பினர். ஒரு லீற்றருக்கு ஆன செலவு 11 இந்தியச் சதம்தான்.

அதைப் பிள்ளைகளுக்குப் பருக்கியவர்கள் தாய்மாரும் உறவினருமே. முன்னர் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த இடத்தில், இக்கரைசலின் பின் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. மருத்துவர்களின் சந்தேகத்திற்கு விடை கொடுத்தவர்கள், எல்லாவற்றையும் இழந்து எல்லை கடந்த பெண்களே என்பது குறிப்பிடத்தக்கது.

அதன்பின் 1980 முதல் 1990 வரை, பங்களாதேஷின் 'பிராக்' நிறுவனப் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குச் சென்று, உப்பும் வெல்லமும் கொண்டு கரைசல் செய்யக் கற்பித்தனர். தாய் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தே பணியாளரின் கொடுப்பனவு அமைந்தது. கற்பிக்க வந்தவர்களில் பலருக்கே இதில் நம்பிக்கை இல்லை என்பதும் ஆரம்பத்தில் தெரியவந்தது. அவர்களுக்கு மீண்டும் பயிற்சி அளித்த பின்னரே தாய்மாரும் நம்பினர்.

பணம் நின்றால்

டாக்கா ஆய்வுகூடம் 1978 இல் சர்வதேச ஆய்வு நிலையமாக மாறியது. பல நாடுகளின் நன்கொடையிலேயே அது வளர்ந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வேலையிழந்தனர். வெளியார் பணத்தில் மட்டும் தங்கிய சுகாதார வேலை எவ்வளவு பலவீனமானது என்பதை இது காட்டுகின்றது. உள்ளூர் அறிவும், அரசின் பங்கும், மக்களின் பழக்கமும் சேர்ந்தால்தான் கண்டுபிடிப்பு நிலைக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

யுத்தம் முடிந்த நாளிலிருந்து நமது கிராமங்களுக்கும் படிவங்களுடன் பலர் வருகின்றனர். பிள்ளையின் நிறையை அளக்கின்றனர், இரத்தம் எடுக்கின்றனர், நாம் பட்ட துயரைக் கேட்டு எழுதுகின்றனர். ஆய்வு தேவையானதே. ஆனால் கையொப்பமிட முன் சில கேள்விகளைக் கேட்பது தாயின் உரிமையாகும்.

இந்த ஆய்வு எதற்காக? பணம் தருபவர் யார்? பல்கலைக்கழக மருத்துவபீடம் போன்ற இடங்களிலுள்ள ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவொன்று இதை அனுமதித்துள்ளதா? பிள்ளைக்கு ஏதும் தீங்கு நேருமா? நாம் மறுத்தால், அல்லது இடையில் விலகினால், கிளினிக்கில் கிடைக்கும் சிகிச்சை தடைப்படுமா? முடிவை எங்களுக்கு எங்கள் மொழியில் சொல்வீர்களா?

மறுத்ததற்காகச் சிகிச்சையையோ நிவாரணத்தையோ நிறுத்துவது ஒழுக்கநெறிக்கு மாறானது. விளங்காத இடத்தில் குடும்பநல உத்தியோகத்தரையோ படித்த உறவினரையோ கேட்டுத் தெளிந்த பின் முடிவெடுக்கலாம். இன்றே பதில் சொல்ல வேண்டும் என்ற அவசரம் இல்லை.

தாய்மாரின் கவனத்திற்கு

ஜீவனியைப் பக்கற்றில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரையுங்கள். அளவு மாறினால் தீங்காகும். சிறிது சிறிதாகப் பருக்குங்கள். 24 மணித்தியாலத்தின் பின் மீதியை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். வயிற்றோட்டத்திற்குக் கரைசலுடன் நாகச் சத்தும் 10 முதல் 14 நாட்கள் கொடுக்க வேண்டும் என 2004 இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கூட்டாக அறிவித்தன. அதுபற்றி வைத்தியரிடம் கேளுங்கள். கண் குழிவிழுந்தாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.